வாலுக்குப் பின்னால் யாருமில்லை

மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, மூச்சு வாங்காது, முட்டி வலிக்காது. என் வீட்டுக்காரர் நடத்தும் சமதள நடைக்கு இதுதான் விளம்பரம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓய்வு பெற்றவர்களையும் பெறப் போகிறவர்களையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஏதாவது ஒரு சதுப்புநிலக் காப்பகத்தின் பலகைப் பாதையில் நடத்திக் கூட்டிப் போய், வழியில் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றைக் காட்டி, இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முட்டி வலிக்காது என்ற வரியை எழுதிக் கொடுத்தவள் நான். வலிப்பதும் என் முட்டிதான்.

அவர் வரலாற்று வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர், கன்னத்தோரம் மைக், கையில் ஒரு குச்சி. முன்னால் அவர், அவருக்குப் பின்னால் கூட்டம், கூட்டத்துக்கும் பின்னால் நான். கடைசி ஆளை நாங்கள் வால் என்போம். செருப்பு வாரை மாட்டுகிறவர், புதருக்குப் பின்னால் ஒதுங்குகிறவர், ஒரு கொக்கைக் கண்டுவிட்டு உலகத்தையே மறந்து நிற்கிறவர், இப்படி யாராக இருந்தாலும் அவர்களைத் தாண்டி வால் போகக் கூடாது. அதுதான் சட்டம்.

வாலுக்கு ஆரஞ்சு நிற மழைக்கோட்டு உண்டு. வெயிலானாலும் போட்டிருக்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் அவர் நின்று, திரும்பிப் பார்த்து, குச்சியைத் தூக்குவார். நான் கையைத் தூக்கினால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். தலைகளை எண்ணுவது அவருக்குப் பிடிக்காது. பெரிய மனிதர்களை ஆடு மாதிரி எண்ணினால் மனசு கோணும் என்பார். அதனால் அவர் தேடுவது ஆரஞ்சு நிறத்தை மட்டும்தான். அது தெரிந்துவிட்டால் நிம்மதியாக முன்னால் திரும்பிக்கொள்வார்.

அந்த ஞாயிறு எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. பக்கத்து நகரத்தில் என் அக்கா நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். அத்தான் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். கடைக்கு மேல் ஒரு அறை காலியாகப் போகிறது. "நீ வர்றியான்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுடி, இல்லைன்னா ஒரு நர்ஸு பொண்ணு கேக்குது, அதுக்குக் குடுத்துடுவேன்" என்றாள். நான்கு நாள் விருந்துக்கு அவள் கூப்பிடவில்லை. என் குரலைக் கேட்டே எல்லாம் தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டாள். எனக்கோ போவதற்கு மனசில்லை. இருப்பதற்கும் இல்லை. அவரிடம் சொல்லிப் பார்ப்பது, போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஏன், எதற்கு என்றெல்லாம் அவர் விளக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

காலையில் சமையலறையில் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மேடையில் ஃபிளாஸ்குகள் வரிசையாக நின்றன. அவர் மைக்கில் "ஹலோ ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"நடக்கும்போது பேசிக்கலாமே."

"நீங்க முன்னால நடப்பீங்க, நான் பின்னால நடப்பேன். எப்படிப் பேசறது?"

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். "சரி, சாப்பிடறப்போ பேசலாம். முதலுதவிப் பை எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன். எப்போது எடுக்காமல் இருந்திருக்கிறேன்?

சாப்பிடும்போதும் பேச முடியவில்லை. பறவை பார்க்கும் மரக்கூண்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவரைச் சுற்றி ஒரு கூட்டம், கையில் முட்டையோடு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. நான் அருகில் போய் நின்றேன். "இதோ வந்துட்டேன்" என்று கண்ணால் சொல்லிவிட்டு, உப்பு ஏற்றிய படகுகள் இந்தக் கால்வாயில் போன கதைக்குத் திரும்பினார். அந்தப் படகுகள் மூழ்கிப் போகட்டும் என்று மனசுக்குள் சபித்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தூறல் பிடித்தது. சதுப்புநிலத்தில் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. நாணல் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. என்னோடு கடைசியில் நடந்துகொண்டிருந்தவர் தையல்காரம்மா. புதிதாகச் சேர்ந்தவர், போன வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர். மெல்லிய சட்டையோடு வந்து பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். நான் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டேன்.

"வேண்டாங்கக்கா, உங்களுக்குக் குளிரும்."

"எனக்கு ஸ்வெட்டர் இருக்கு. கோட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கோங்க. முன்னால போங்க, நான் ஷூ கயிறு கட்டிட்டு வரேன்."

அவர் போனார். குனிந்த நான் எழும்போது முட்டி மடங்கிவிட்டது. ஈரப் பலகை வேறு. விழுந்த வேகத்தில் கண்ணில் பூச்சி பறந்தது. எழப் பார்த்தேன், கால் ஒத்துக்கொள்ளவில்லை. கத்தினேன். காற்று கூட்டத்தின் பக்கமிருந்து என் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, என் குரலை எனக்குப் பின்னால்தான் கொண்டுபோனது. எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

சமதளத்தில் ஒரு வசதி, எல்லாமே தெரியும். நாணல் இடைவெளியில் கூட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை பிரியும் இடத்தில் அவர் நின்றார், திரும்பினார், குச்சியைத் தூக்கினார். தையல்காரம்மாவுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வாத்தியார் கையசைக்கிறாரே, பதிலுக்கு அசைக்காவிட்டால் மரியாதையில்லையே என்று ஆரஞ்சுக் கையைத் தூக்கிக் காட்டினார். என் வீட்டுக்காரர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

நீரேற்று நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். செங்கல் கட்டடம், ஒரு புகைபோக்கி. இந்த நிலம் ஒரு காலத்தில் வயலாக இருந்தபோது தண்ணீரை இறைத்து வெளியேற்றிய எந்திரம் அதற்குள் துருப்பிடித்துக் கிடக்கிறது. கூட்டம் அதன் வாசலில் நின்றது. ஸ்பீக்கர் சத்தம் காற்றோடு சேர்ந்து பக்கத்தில் நின்று பேசுவது போல் வந்தது. கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதை. அடுத்து என்ன வரும் என்று தெரியும், காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

"எந்திரக்காரர் குடியிருந்ததும் இதுக்குள்ளதான். ரெண்டே அறை. ஒண்ணுல எந்திரம், இன்னொண்ணுல பெண்டாட்டி. ரெண்டும் ராத்திரி பகலா ஓடும். வித்தியாசம் என்னன்னா, எந்திரத்தை நிறுத்த ஒரு கைப்பிடி இருந்துச்சு."

சிரிப்பு. அவர் சிரிப்புக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். வகுப்பறையில் பழகிய காத்திருப்பு.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, கைப்பிடி இல்லாதது. நான் என்ன பண்ணேன்? கொண்டுபோய் வால்ல போட்டுட்டேன். சத்தம் இங்க வரைக்கும் வராது. அதோ பாருங்க."

குச்சியை நீட்டினார். எல்லாரும் திரும்பி ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். தொப்பிக்குள்ளிருந்து தையல்காரம்மாவும் சிரித்திருப்பார். நேராகப் பார்த்து, விரலுக்குப் பதில் குச்சியை நீட்டி, தன் பெண்டாட்டி என்று அவர் காட்டியது வேறு ஒருத்தியை.

முட்டி வலியில் வராத அழுகை அப்போது வந்தது. அவர் என்னைக் கேலி செய்தது புதிதல்ல, அது மாதாமாதம் நடப்பது. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே கேலி செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அதிலாவது நான் இருக்கிறேன் என்று ஒரு அற்ப திருப்தி எனக்கு இருந்திருக்கிறது. அந்தத் திருப்தியை நினைத்துத்தான் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

கூட்டம் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் உள்ள காப்பக வாசலுக்குப் போயிற்று. பஸ் அங்கேதான் நிற்கும். கடைசியாக ஆரஞ்சு ஏறியதும் அவர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுவார், டிரைவர் எடுப்பார். அவர் முன் சீட்டில், வால் கடைசி சீட்டில். தட்டும் சத்தம் கேட்கவில்லை. பஸ் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

சைக்கிளில் சுற்றி வந்த காப்பகக் காவலர்தான் என்னைக் கண்டுபிடித்தார். பிடித்துத் தூக்கி, பின் சீட்டில் உட்கார வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"கூட்டத்தோட வந்தீங்களாம்மா? எப்படி விட்டுட்டுப் போனாங்க? கடைசியில ஆள் விட மாட்டாங்களா?"

"நான்தாங்க அந்தக் கடைசி ஆள்."

அவர் பலகை முடியும் இடத்தில் சைக்கிளை மெல்ல இறக்கினார். பிறகு, "கடைசி ஆளை யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வாசலில் இருந்த அவர் அறை தீப்பெட்டி அளவு. ஒரு மேஜை, ஒரு மின் கெட்டில், சுவரில் பறவைப் படங்கள். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றார். என் ஃபோன் கோட்டுப் பையில் போய்விட்டது. அவர் தன் ஃபோனை நீட்டினார்.

"வீட்டுக்காரருக்குப் போட்டுச் சொல்லுங்கம்மா."

"வேண்டாங்க. கொஞ்சம் பாக்கலாம்."

பிடிவாதம் என்று தெரியும். ஆனால் நான் போட்டுச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்லாமல் அவருக்கு எப்போது தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலே அதில்தான் இருந்தது. பஸ்ஸில் அவர் எழுந்து பின்னால் வரலாம். கால் வலிக்கிறதா என்று கேட்க வரலாம். சாப்பிடும்போது பேச முடியாமல் போனதே, என்ன விஷயம் என்று கேட்க வரலாம். ஒன்றும் வேண்டாம், மிஞ்சிய ரொட்டி இருக்கிறதா என்று கேட்கவாவது வரலாமே. கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது. காவலர் கொடுத்த டீ ஆறிப்போனது. ஜன்னலுக்கு வெளியே ரோடு வெறிச்சென்று கிடந்தது.

பஸ் வந்தது.

எங்கள் பஸ்தான். எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷம் பொங்கியது. கவனித்துவிட்டார். திரும்பி வரச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் கவனித்துவிட்டார். காலை ஊன்றிக்கொண்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டேன். அக்காவின் அறை அந்த நர்ஸுப் பெண்ணுக்கே போகட்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

முதலில் இறங்கி ஓடி வந்தது தையல்காரம்மா. கையில் என் ஃபோன். அழுதுகொண்டே பேசினார்.

"மன்னிச்சுடுங்கக்கா, நீங்க என்னைத் தாண்டிப் போய் முன்னால ஏறி உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன். பையில ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தேன். உங்க அக்கா, உங்ககிட்ட குடுங்கன்னாங்க. தேடினா நீங்க இல்லை. அவங்க மட்டும் பேசலைன்னா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

என் சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

அவர் பின்னாலேயே வந்தார். முகம் வெளுத்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, பயந்துதான் போயிருந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே மண்டியிட்டு, முதலுதவிப் பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்து முட்டியில் சுற்றினார். சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கோட்டை ஏன் கழட்டின?"

"அவங்களுக்குக் குளிருச்சு."

"கழட்டலாமா? நான் எதை வெச்சு உன்னைக் கண்டுபிடிக்கறது?"

காவலர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னவர் மட்டும் நியாயமான கேள்வி கேட்டவர் முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

"நான் அக்காகிட்ட போறேங்க" என்றேன். "கடைக்கு மேல ரூம் இருக்கு. அங்கயே இருந்துக்கப் போறேன். திரும்பி வர்றதா இல்லை. காலையில பேசணும்னு சொன்னது இதுதான்."

கட்டுத்துணி அவர் கையில் நின்றது. அவர் உதடு லேசாகத் திறந்தது. நான் காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்போதும், அவ்வளவுக்குப் பிறகும் காத்திருந்தேன்.

"அடுத்த மாசம் நடைக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சே" என்றார். "வால்ல யாரு வருவா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காக உண்மையாகவே என் முகத்தைப் பார்த்தார். வாசலில் தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அவங்களை வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பி அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா, மெதுவாத்தான் நடக்கறாங்க" என்றார். "சரியா வரும்."