ரஷ்யாவாக மறுத்த சுடலைக்கண்ணன்

“நான் எதுக்குட்டி ரஷ்யா? இந்தச் சந்துல முதமுதல்ல மோட்டார் வாங்குனவன் நானு. அப்படிப் பாத்தா நான்தான அமெரிக்கா!”

சுடலைக்கண்ணன் போட்ட சத்தத்தில், மாடிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே தலைகள் முளைத்தன. தாராவியில் தோல் பர்ஸ் பட்டறை வைத்திருப்பவர். மெஷின் ஓசைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“நாடு கெடக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு முதல்ல பதில் சொல்லச் சொல்லுங்க,” என்று எதிர்வீட்டுக் கோகிலவாணி நடுவில் புகுந்தாள். “நான் கிழிஞ்ச நைட்டியோட கொடத்த வச்சுக்கிட்டு நிக்கேனாம். அத இங்கிலீசுல வேற எழுதியிருக்கா. எந்த நைட்டிட்டி கிழிஞ்சிருந்துச்சு? காட்டு பாப்போம்!”

“அத்த, அது நீங்கன்னு நான் எங்கயும் எழுதல. பேர மாத்திட்டேன்லா?” என்றாள் ரீனா.

“பேரத்தான மாத்துன? நைட்டிய மாத்துனியா?”

அமிர்தநாதனின் மகள் ரீனா வாய்ப்பேச்சில் தோற்றதை அந்தச் சந்து அன்றுதான் பார்த்தது. பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

ரீனா மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தையும் சர்வதேச உறவுகளையும் சேர்த்துப் படிக்கிறாள். இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. மூன்றாம் வருஷத்தில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுப்பதுதான் அங்கே வழக்கம். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள், இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பிராஜெக்ட் எழுதித் தேறவேண்டும். ரீனா அடம்பிடித்தாள்.

விஷயத்துக்கு அவள் ரொம்பத் தூரம் அலையவில்லை. காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். சுடலைக்கண்ணன் குழாயில் ஒரு மோட்டாரை மாட்டி இழுத்தார். எதிர்வீட்டில் சொட்டு நின்றது. கோகிலவாணி அதைவிடப் பெரிய மோட்டார் வாங்கினாள். அவர் பழையதை விற்று இன்னும் பெரியது வாங்கினார். அதைப் பார்த்துப் பயந்து மற்ற வீடுகளும் வாங்கின. கடைசியில் எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுத்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு நாடுகள் ஆயுதம் வாங்கிக் குவிப்பதை வகுப்பில் நடத்திய அன்றைக்கு ரீனா மட்டும் தனியாகச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்புதான் பிராஜெக்ட் ஆனது: பாதி கதை, பாதி அரசியல், வீட்டுக்கு ஒரு நாடு.

இங்கிலீஷில் இருப்பதால் சந்துக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். ஆனால் பிரிண்ட் எடுக்கப் போனது சந்து முனை ஜெராக்ஸ் கடைக்கு. அங்கே மெஷினில் நிற்பவள் கோகிலவாணியின் மகள் மாரிசெல்வி. தாள் ஒவ்வொன்றாக வெளியே வர வர வாசித்தவள், வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு நடித்தே காட்டிவிட்டாள்.

அது போதாதென்று, பிராஜெக்டைப் பார்க்கிற விஜயலட்சுமி மிஸ் வேறு ஒரு குண்டைப் போட்டிருந்தார். “நன்னா எழுதியிருக்கேம்மா. ஆனா இவாள்லாம் நிஜ மனுஷா இல்லையோ? ஒவ்வொரு ஆத்துலயும் சம்மதம்னு கையெழுத்து வாங்கிண்டு வா. சனிக்கிழமைக்குள்ள வரலேன்னா என்னால இதை எடுத்துக்க முடியாது.”

கையெழுத்து இல்லையென்றால் பிராஜெக்ட் இல்லை. பிராஜெக்ட் இல்லையென்றால் ஒரு பாடத்தைத் தலைமுழுக வேண்டியதுதான்.

ஆகவே ரீனா வீடு வீடாக ஏறினாள். ஆம்பிளைகளுக்கு நாடுதான் பிரச்சினை, பொம்பிளைகளுக்கு வர்ணனைதான் பிரச்சினை என்று சீக்கிரமே பிடிபட்டது. சுடலைக்கண்ணனுக்கு அமெரிக்காவைக் கொடுத்தாள். மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். ரஷ்யா ஆவதில் கோகிலவாணிக்கு ஆட்சேபம் இல்லை. நைட்டி பச்சைப் பூப்போட்ட புது நைட்டி ஆனது.

கோகிலவாணி பேனாவைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் நிறுத்தினாள்.

“ஆமா, எல்லா வீட்டு மோட்டாரும் இதுல இருக்கு. ஒங்க வீட்டு மோட்டார் எங்கட்டி?”

“எங்க வீட்லயா?”

“அரே, நடிக்காத. அடுப்படி மேடைக்குக் கீழ, அரிசி டிரம்முக்குள்ள.”

யாருக்காவது கேட்டதா என்று ரீனா வாசலைப் பார்த்தாள். அமிர்தநாதன் ரயில்வேயில் ஃபிட்டர். டிரம்முக்குள் மோட்டாரை இறக்கி, சத்தம் வராமல் சாக்கைச் சுற்றி, மேலே ஒரு தட்டில் அரிசியும் பரப்பி வைத்திருந்தார். அந்தக் கைவேலை கடவுளுக்கும் தம் வீட்டாருக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டுக்கு வீடு ஜெபம் வைக்கிற அன்பியக் கூட்டத்தில், மோட்டார் போட்டு இழுப்பது அடுத்தவன் தண்ணீரைத் திருடுவது என்று அரைமணி நேரம் வேறு பேசியிருந்தார்.

“ஒங்கப்பா பேசுனத வாசல்ல நின்னு கேட்டேன். சிரிப்ப அடக்க நாங்க பட்ட பாடு இருக்கே!” என்றாள் கோகிலவாணி. “அவுக வீடு இதுல வரட்டும். அப்புறம் போடுதேன் கையெழுத்து.”

மறுநாள் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து ரீனா டிரம்மை எழுதினாள். மற்றவர்களைப் பற்றி எழுதியபோது பேனா தானாக ஓடியிருந்தது. இப்போது ஒவ்வொரு வரியும் முரண்டு பிடித்தது. ஆனாலும் முடித்தபோது, இதற்கு முன் எழுதியதெல்லாம் இதற்கு வழிவிட்டு நின்றதுபோல அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

“என்ன எழுதியிருக்க?”

“டிரம்முக்குள்ள இருக்கதத்தான்பா.”

அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஏஞ்சலம்மாளின் கை நின்றது.

“அப்பன் மானத்த வித்துதான் ரெண்டு பாடம் படிக்கணுமோ? ஒண்ண விட்டுரு. எத விட்டாலும் எனக்குச் சம்மதம்,” என்றார் அமிர்தநாதன்.

“விடமாட்டேன். மோட்டார் எதுக்கு வாங்குதாங்கன்னு ஒரு வகுப்புல தெரியுது. அதுக்கு எதுக்குச் சாக்கு சுத்துதாங்கன்னு இன்னொரு வகுப்புலதான் தெரியுது. எனக்கு ரெண்டும் தெரியணும்.”

அமிர்தநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே சுடலைக்கண்ணன், தான் அமெரிக்காவான கதையை யாருக்கோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சந்துல எல்லாத்துக்கும் தெரியுமா?” என்றார் மெதுவாக.

“எல்லாருக்கும் எப்பவோ தெரியும்பா.”

“கூட்டத்துல நான் பேசுனப்பவும்?”

“அப்பவும்.”

நெத்திலி மறுபடி ஆயப்படும் ஓசை கேட்டது. “ஏங்க, ஊருக்கே தெரிஞ்சதுக்கு இனி என்ன சாக்கு?” என்றாள் ஏஞ்சலம்மாள். “நான் அதுல வாரேனாட்டி?”

“வாரீங்கம்மா. கடைசில நீங்கதான்.”

அமிர்தநாதன் சுடலைக்கண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்கு எத்தன பக்கம்?”

“மூணு.”

“நமக்கு?”

“நாலரை.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முழுதும் வாசித்தார், உதட்டை அசைத்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி. ஓரிடத்தில் விரல் நின்றது.

“சாக்கு மட்டும்னு எழுதியிருக்க. உள்ள ரப்பர் ஷீட்டும் போட்டிருக்கேன். இல்லன்னா அந்தச் சத்தம் எப்படி அடங்கும்? அதையும் சேரு.”

சேர்த்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்துக் கோகிலவாணியும் போட்டாள். சனிக்கிழமை விஜயலட்சுமி மிஸ் வாங்கிக்கொண்டார். மூன்றாம் வருஷம் இரண்டு பாடத்தையும் ரீனா ஒன்றாகவே படித்தாள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அமிர்தநாதன் பொறுமையைப் பற்றிப் பேசினார், சுருக்கமாகவே பேசினார்.

பிறகு சுடலைக்கண்ணன் பாண்டுப்பில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனார். மாரிசெல்வி ஜெராக்ஸ் கடைக்காரரின் தம்பியைக் கட்டிக்கொண்டு, இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். ரீனா கூடப் படித்த திலக் நகர்ப் பையன் தமிழ்செல்வனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அமிர்தநாதன் இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் பிரியாணிக்கு ஆட்டைத் தாமே போய்ப் பார்த்து வந்தார். மாப்பிள்ளையும் பொண்ணும் டெல்லியில் இருக்கிறார்கள். அவளுக்கு அங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. சுடலைக்கண்ணன் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருப்பவர்கள் வாயே திறப்பதில்லையாம். கோகிலவாணிக்கு அது ஒன்றுதான் குறை.