அக்கா கையில் இருந்த மிருகம்

போலீஸ் வேலைக்குப் போகிறவள் கையில் பச்சை குத்தியிருந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். முழுகும். தேர்வு அலுவலகத்துச் சுவரிலேயே விதியை ஒட்டி வைத்திருந்தார்கள். பச்சை இருக்கலாம், ஆனால் பார்ப்பவரை மிரட்டக் கூடாது. எந்த ரவுடிக் கும்பலின் அடையாளமாகவும் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால், குத்தியவரே நேரில் வந்து அது என்னவென்று காட்டிச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் ஊசி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பச்சை குத்தும் கடை வைத்திருப்பவனைத் தெரு வேறெப்படிக் கூப்பிடும்? கடை திறந்த புதிதில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அவனுடைய அக்காதான் கையை நீட்டி, "குத்துடா, என்ன ஆயிடப் போகுது?" என்றாள். முழங்கைக்குக் கீழே ஒரு சிங்கத்தைக் குத்தினான். பார்த்தவர்கள் எல்லாம், "அட, பூனை அழகா இருக்கே!" என்றார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றாள். "கண்ண எங்க அடகு வெச்சிட்டு வந்தீங்க? சிங்கம்!"

இப்போது அந்தச் சிங்கம்தான் வினையாக வந்து நின்றது. வயது வரம்பு அக்காவுக்கு இந்த முறையோடு முடிகிறது. ஓட்டத்தில் எல்லோரையும் முந்தினாள், எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது டாக்டர் அறை ஒன்றுதான்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னம்மா, பூனையா?"

ஆமா என்று சொல்லித் தொலையேன், மகராசி! அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். இடுக்கில் தம்பியின் முழங்கால் தெரிந்தது.

"சிங்கம், டாக்டர்!" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சிங்கம்னா சிக்கல்மா. ஒரு கும்பலே அதக் குத்திக்கிட்டுத் திரியுது. குத்தினவர உள்ள வரச் சொல்லுங்க."

ஊசி எழுந்து உள்ளே போய் நின்றான். சிங்கம் என்றால் அக்காவின் வேலை போச்சு. பூனை என்றால், இத்தனை வருஷம் தெருவே சொன்னது சரி என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். மானம் கிடக்கிறது கழுதை என்று வாயைத் திறந்தான்.

"பூனைதான் மேடம். வீட்டுப் பூனை."

"டேய்!" அக்கா துள்ளினாள். "மேடம், எனக்காகப் பொய் சொல்றான்!"

போலீசாக ஆசைப்பட்டவளுக்கு நேர்மை இந்த இடத்திலா பொங்க வேண்டும்!

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க," என்றார் அதிகாரி. "தம்பி, ஜன்னல்கிட்ட வந்து நல்லாக் காட்டிச் சொல்லுங்க."

அவன் அக்காவின் கையை வெளிச்சத்தில் பிடித்தான். "காது கூரா இருக்கு பாருங்க மேடம்." இருந்தது. "மூக்கு இத்துனூண்டு." அதுவும் அப்படித்தான் இருந்தது. பிடரி என்று நினைத்து அவன் சுற்றிச் சுற்றிக் குத்தியிருந்த மயிர், மழையில் நனைந்து வந்த பூனையைத் துவட்டிவிட்ட மாதிரி புசுபுசுவென்று நின்றது. பொய்க்குச் சாட்சி தேடப் போனவனுக்கு ஒவ்வொன்றாக நிஜம் அகப்பட்டது. அடக் கடவுளே, பூனையேதான்.

"பூனை மேடம்," என்றான் மறுபடி. இந்த முறை அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

அதிகாரி சிரிப்பை மறைக்க இருமினார். "எங்களுக்கும் அப்படித்தான் தெரியுது. தகுதி. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

வெளியே வாசலுக்கு வந்ததும், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் பொய் சொல்லலக்கா. அது பூனைதான்."

"தெரியும்டா."

"எப்போலருந்து?"

"குத்தி முடிச்சு நீ துடைச்சு விட்டியே, அப்பவே."

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்கு ஊர்ல ஒருத்தர் விடாம சண்ட போட்ட? இன்னைக்கு உள்ள போயும் சிங்கம்னு கத்துற! வேலையே போயிருக்கும்! கொஞ்சமாவது அறிவிருக்கா உனக்கு?"

"கதவு திறந்திருந்துச்சுடா," என்றாள் அக்கா. "பூனைன்னு நானே சொல்லி அது உன் காதுல விழுந்தா, நாளைக்கு ஒருத்தர் கைய நீட்டும்போது உனக்கு ஊசி ஓடுமா?"