கைமாறு

லிஃப்ட் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பேஸ் கிட்டாரின் கழுத்தில் ஐந்து பொட்டுகளுக்கும் துளை போட்டு முடித்திருந்தார். ஐந்தும் தப்பான பக்கத்தில். வாசிப்பவர் லேசாகக் குனிந்து பார்த்தாலே விரல் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, கழுத்தின் விளிம்பில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் வைப்பார்கள். வலது கைக்காரருக்கு ஒரு விளிம்பு, இடது கைக்காரருக்கு அதன் எதிர் விளிம்பு. அவர் செய்துகொண்டிருந்தது இடது கைக்கான பேஸ். ஆறு மாதமாக 'இடது, இடது' என்று அணிவகுப்பு நடத்துகிறவர் மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பலகை அறுத்த மனிதர், துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் கோட்டைவிட்டார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் புருஷனின் முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள்.

"நம்ம பொண்ணு கையை மாத்த உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க கை மட்டும் ஆறு மாசத்துல மாறிடுமா?" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. அந்த ஐந்து துளைகளிலும் குச்சி சீவி, பசை வைத்து அடைத்தார். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எதிர்ப் பக்கத்தில் ஒழுங்காகத் துளை போட்டார். கூர்ந்து பார்த்தால் அடைத்த இடம் தெரியத்தான் செய்தது.

அந்த வீட்டில் பேஸுக்குப் பஞ்சமில்லை. முப்பது வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தையல் கடையின் மாடியில் அவரும் மூன்று நண்பர்களும் கூடி வாசிப்பார்கள். தையல்காரர் டிரம்ஸ், மருந்துக் கடைக்காரர் பாட்டு, பள்ளிக்கூட கிளார்க் கிட்டார். நாலு பேருக்கும் அது பிழைப்பு இல்லை, பித்து. மெக்கானிக்குக்குக் கூடுதலாக இன்னொரு பித்தும் உண்டு. கழுத்து கோணியது, தந்தி கரகரப்பது, ஒயர் விட்டுப்போனது என்று யாரோ கைவிட்ட பேஸ்களை வீட்டுக்குத் தூக்கி வருவார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்கி நிமிர்த்துவார். பலகை வாங்கிப் புதிதாகவும் இரண்டு செய்திருக்கிறார். அத்தனையும் வலது கைக்கு. வேறு கை ஒன்று உண்டு என்பதே அவர் நினைப்பில் இருந்ததில்லை.

மகள் பிறந்து நடந்து பேசி, ஆறு வயதில் ஒரு பேஸை மடியில் போட்டுக்கொண்டாள். ஆளைவிடக் கருவி பெரிது. கழுத்து வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, இடது கை தந்தியைத் தட்டியது. அவர் சிரித்துக்கொண்டே கருவியைத் திருப்பி வைத்தார். அவள் மறுபடி தன் பக்கம் திருப்பினாள். அன்றைக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பிறகுதான் பென்சில், கரண்டி, கத்தரிக்கோல் என்று எதை எடுத்தாலும் இடது கை முந்துகிறது என்பதைக் கவனித்தார். உறவுக்காரர்கள் நொட்டாங்கை, நொட்டாங்கை என்று கேலி பேசினார்கள். அவருக்கு மானக்கேடாக இருந்தது. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். உலகத்தில் இருக்கிற திருகாணி, கதவுப்பிடி, பள்ளிக்கூட மேசை எல்லாமே வலது கைக்குச் செய்தவை, இந்தப் பெண் காலமெல்லாம் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பாளே என்று நினைத்தார். வீட்டுப்பாடம் எழுதும்போது அவளுடைய இடது கையில் ஒரு நீலக் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுவார். வலிக்காமல்தான் கட்டினார். முதல் வாரம் அழுதாள். அப்புறம், காலுறையை எடுத்துக்கொண்டு அவர் வரும்போதே கையை நீட்டப் பழகிக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாயிற்று, அதாவது அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். பேஸையும் அவர் மாதிரியே பிடிக்க ஆரம்பித்தாள். பதினாறு வயதில் அவரைத் தூக்கிச் சாப்பிட்டாள். பதினேழில், ஒரு பள்ளி விழாவில், அப்பாவின் குழுவோடு மேடையேறினாள். ஜமாய்த்தாள். இறங்கி வந்ததும் கிளார்க்கிடம் தண்ணீர் டம்ளரை இடது கையால் நீட்டிவிட்டாள். "எவ்வளவு பண்ணாலும் இந்த நொட்டாங்கை புத்தி மட்டும் போகல பாருங்க" என்றார் அப்பா, நாலு பேர் நடுவில், பெருமையும் கிண்டலுமாக. எல்லோரும் சிரித்தார்கள். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்து பேஸைச் சுவரில் மாட்டினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் வாசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருடம்.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. படித்தாள், வேறு ஊரில் வேலைக்குப் போனாள், அங்கே சிநேகிதிகளோடு வாசிக்கிறாள் என்று மனைவி மூலம் கேள்விப்பட்டார். வாரம் ஒரு தடவை போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, இங்க வெயில். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

போன வருடம் ஒரு லிஃப்ட் மோட்டார் அறையில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. இடது கையால் பல் தேய்த்தார், ஈறில் ரத்தம் வந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டார், வங்கியில் இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். நாலாம் நாள் குளியலறையில் சட்டைப் பொத்தான் ஒன்றோடு கால் மணி நேரம் போராடிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வலியால் அல்ல. அந்தக் காலுறை எந்த நீலம் என்பதுகூட அப்போது அவருக்குத் துல்லியமாக ஞாபகம் வந்தது. இவருக்கு இரண்டு மாதம், வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு இரண்டு வருடம், வயது ஆறு.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்தால் 'சாப்பிட்டியா' என்றுதான் வாயில் வந்தது. வாயால் கேட்க வராது, கையால் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். கட்டுப் பிரித்த மறு வாரமே மரக்கடைக்குப் போனார்.

வேலை அவரைப் படாதபாடு படுத்தியது. பேஸின் உடல் வளைவு, ட்யூனிங் சாவிகள், தந்தி உட்காரும் பள்ளங்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போட வேண்டியிருந்தது. வால்யூம் குமிழைக்கூட எதிர்ப்புறம் திருகினால் சத்தம் ஏறும்படி ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். அவருடைய கணக்கு ஒரு மெக்கானிக்கின் கணக்கு. லிஃப்டில் ஒயரை மாற்றி இணைத்துவிட்டால், மேலே போகச் சொன்னால் கீழே போகும். கழற்றிச் சரியாக இணைத்தால் ஒழுங்காக மேலே ஏறும். பழகிய கைக்கு அடியில் அவளுடைய சொந்தக் கை அப்படியே காத்துக்கொண்டிருக்கும் என்று நம்பினார். கருவியைக் கொடுத்துவிட்டால் போதும், அது எழுந்து வந்துவிடும்.

ஆனால் வாசித்துப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? எந்த இடத்தில் தந்தி கரகரக்கிறது என்று வாசித்தால்தான் தெரியும். இடது கையால் வாசிக்க உட்கார்ந்தார். விரல்கள் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி கிடந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து வந்து தட்டுத்தடுமாறி, மூன்று மாதத்தில் எட்டு சுரம் ஏறக் கற்றுக்கொண்டார். இறங்க வராது.

"மூணு மாசமா எட்டே சத்தம்தான் கேக்குது. ஒன்பதாவது எங்க போச்சுன்னு யாராவது தேடுங்களேன்" என்றாள் மனைவி.

இந்த நேரத்தில்தான் மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. போனால் திரும்பி வர வருடங்கள் ஆகும், வராமலும் போகலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டுப் போக வருகிறேன் என்றாள். அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல். தையல் கடை மாடிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வந்தாள். அம்மாவோடு பேசினாள், சிரித்தாள். அவர் உள்ளே போய்ப் பேஸ் பெட்டியைத் தூக்கி வந்து நாற்காலி மேல் வைத்தார். அவள் திறந்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரத்தின் ரேகைமேல் விரலை ஓட்டினாள். கழுத்து விளிம்பில் அடைத்திருந்த ஐந்து இடங்களையும் கண்டுபிடித்து, லேசாகச் சிரித்தாள்.

"லெஃப்டாப்பா?"

"உனக்குத்தான்மா."

வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுடைய இடது கை தன்பாட்டில் கழுத்தைத் தேடிப் போயிற்று. அங்கே கழுத்து இல்லை. திடுக்கிட்டு, கையை மாற்றினாள். வலது கை விரல்கள் தந்தியைப் பிடிக்கத் தெரியாமல் விறைத்துக்கொண்டன. இடது கை தட்டியது. ஒரு சுரம் வந்தது, அடுத்தது செத்துப்போய் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினாள். பிடிவாதக்காரி, சும்மா விட்டுவிடுகிற ஆள் இல்லை. இருபது நிமிடம் முயன்றாள். எட்டு சுரம் ஏறுவதற்குள் மூன்று இடத்தில் தடுக்கியது. அவரே அதைவிட நன்றாக வாசிப்பார்.

"வரும்மா. கொஞ்சம் விட்டுப் பிடிச்சா வந்துடும். அதுதானே உன் கை" என்றார்.

"எதுப்பா என் கை?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஒன்பது மாதம் மரத்தை அறுத்து, இழைத்து, தேய்த்து அவர் தள்ளிப்போட்டிருந்த வார்த்தை அப்போது தானாக வந்து விழுந்தது.

"தப்பு என்னோடதும்மா. என்னை மன்னிச்சிடு."

"தெரியும்ப்பா" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு 'பரவாயில்லை' வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவள் வாரைக் கழற்றி, பேஸைப் பெட்டியில் படுக்க வைத்தாள்.

"உங்க மேல கோபம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அது போய் நாலஞ்சு வருஷம் ஆச்சுப்பா. ஆனா இதுக்கு நான் மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்யாயிடும். அந்த ஆறு வயசுப் பொண்ணுதான் சொல்லணும். அவ எப்படி இருப்பான்னு எனக்கே ஞாபகம் இல்ல."

அவருக்கு ஞாபகம் இருந்தது. மடியில் பேஸை வைத்துக்கொண்டு, திருப்பத் திருப்பத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட அந்தப் பெண்ணை நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவளிடம் இனி எதையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்பது மண்டையில் உறைக்க, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழத் தோன்றியது, அழுதால் இவள் சமாதானப்படுத்த வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டார்.

மகள் பெட்டியை மூடினாள். மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள், நம் ஆட்கள் யாருக்காவது இடது கைக் குழந்தை இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சுவரிலிருந்த பழைய பேஸை இறக்கி, தூசியைத் துடைத்து, சாவிகளைத் திருகி சுருதி சேர்த்தாள்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு வாசிக்கறேன்ப்பா" என்றாள்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பன்னிரண்டு வருடம் கழித்துப் பெண் வாசிக்கிறாள், சும்மாவா. கேட்கக் கேட்க அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. நமக்கு வேறென்ன வேணும் என்று புருஷனின் தோளைத் தொட்டாள். அவர் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வளையவில்லை. விரல்கள் தந்திக்குத் தந்தி இம்மி பிசகாமல் இறங்கின. அவர் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அந்தக் கைகளில் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் அந்த ஆறு வயதுக் கை எட்டிப் பார்த்து, ஒரே ஒரு சுரமாவது தப்பாதா என்று அவர் கடைசிவரை காத்திருந்தார்.