கிழியாத திரைச்சீலை

மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்கு எங்கள் சபையில் ஆள் நுழையும் அளவில் ஒரு மாதிரி செய்தார்கள்; அதற்குத் திரைச்சீலை தைத்தவள் நான். "இயேசு ஜீவனை விட்டப்போ, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைச்ச தேவாலயத் திரை மேலிருந்து கீழா கிழிஞ்சுதே, அதைப் பிரசங்கத்துல நான் கிழிச்சுக் காட்டணும். நடுவுல மட்டும் லேசா தைம்மா" என்றார் போதகர். என் கைக்கு லேசாகத் தைக்க வருமா? மூன்று வரிசைத் தையல் போட்டுவிட்டேன்.

பிரசங்கத்தில் அந்த இடம் வந்ததும் போதகர் திரையை இழுத்தார். தொங்கியும் பார்த்தார். கடைசியில் கம்பியோடு திரை அவர் தலையிலேயே விழுந்தது.

உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்தில், தங்கத்தாள் ஒட்டிய உடன்படிக்கைப் பெட்டிமேல் தலைவைத்து என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "திரைக்குப் பின்னால முழங்கால்ல நின்னு போதகரை ஜெபத்துல தாங்கறேன்" என்று போன மனுஷன்!

துணிக்குள்ளிருந்து போதகரின் குரல் வந்தது: "இனி மறைவே கிடையாது!"

சபையிலேயே சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.