சும்மா அடிக்கிற மணி

ஒரு பொய், ஒரேயொரு பொய் சொல்லியிருந்தால் வழக்கு வென்றிருக்கும். நட்டஈட்டில் வாசலோடு சின்னக் கடை ஒன்று போட்டிருக்கலாம். நிலூபாவுக்கு ஆத்திரம் தீரவில்லை. பழைய இரும்பு சேர்த்துப் பிழைத்த அவளுடைய மனுசன் முனாஸ், றெயிலில் அடிபட்டு வலது கால் போய் வீட்டோடு கிடக்கிறான். அவனுக்கு உண்மை என்ன சோறா போடும்?

போன தவணையில், சாவகச்சேரி நீதிமன்றத்தில், றெயில் பகுதியின் சட்டத்தரணி கேட்டார்: "றெயில் கடவையில மணி அடிச்சதோ?"

அவளுடைய கூடப்பிறந்த நானா அலியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், இல்லையென்று சொல் மச்சான் என்று. முனாஸ் கேட்டால்தானே!

"அடிச்சது ஐயா. சத்தியம் பண்ணிப்போட்டு எப்பிடி இல்லையெண்டிறது? ஆனா அந்த மணி கோச்சி வராத நேரமும் சும்மா அடிக்கிறது. அண்டைக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சு மோட்டச்சைக்கிளை விட்டிட்டன்."

பின்பாதியை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணி கேட்டும் போனது அவன் பிழை என்று இன்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

அலியாரின் ஓட்டோவில் திரும்பும் வழியெல்லாம் நிலூபா ஏசிக்கொண்டே வந்தாள்.

"பெரிய அரிச்சந்திரன்! பிள்ளை சப்னாவை நினைச்சுப் பாத்தீங்களா?"



முனாஸின் கால் போன அதே கடவை வந்தது. மணி அடிக்கத் தொடங்கியது, சிவப்பு வெளிச்சமும் மினுங்கியது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்காமல் பாய்ந்து போயின.

"உது சும்மா அடிக்குது" என்று அலியார் ஓட்டோவை மெல்ல உருட்டினான்.

முனாஸ் கம்பியை இறுக்கிப் பிடித்தான். சாரத்துக்குள்ளே, இல்லாத காலைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தான். நிலூபா அதைக் கண்டாள். அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நானா, நிப்பாட்டுங்கோ!"

குதித்து இறங்கி, ஓட்டோவுக்கு முன்னால் நடுத்தெருவில் கையை விரித்து நின்றாள். பின்னால் வந்த வாகனங்களெல்லாம் ஹோர்ன் அடித்தன.

"வழியை விடு தங்கச்சி, கோச்சி ஒண்டும் வராது!" என்று ஒருவர் கத்தினார்.

"வராதெண்டுதான் என்ரை மனுசனும் போனவர்!"

கத்தியவர் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தன் வாகனத்தின் இஞ்சினை நிறுத்தினார்.

எல்லோரும் காத்து நின்றார்கள். கோச்சி வரவேயில்லை. மணி தன்பாட்டில் அடித்து ஓய்ந்தது. வாகனங்கள் அவளை விலத்திக்கொண்டு போயின.

"ஏறும் நிலூபா, வீட்டை போவம்" என்றான் முனாஸ்.

அவளால் அசைய முடியவில்லை. பாழ்படுவான் மணி, அன்றைக்கும் இப்படிச் சும்மா அடித்திருக்கக் கூடாதா என்று நடுத்தெருவில் நின்று குமுறி அழுதாள்.