மேனேஜருக்கு வார விடுமுறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது இந்தக் கதையை அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற தொழிற்சாலைகளையும், அவற்றில் நின்றபடியே வயதாகிற பிள்ளைகளையும் வைத்து, தலையணை கனத்தில் ஒரு நாவல் எழுதத்தான் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினேன். முதல் நாள் டீக்கடையில் உட்கார்ந்து, மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு நாவலின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது எதிரே ஒரு வெள்ளை நாய் லாரி டயர் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. பின்னாலேயே, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒரு பையன் "ஏ மேனேஜரு, இழுல! நல்லா இழு!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

என் நாவல் அங்கேயே படுத்துவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

(எனக்கு நாய் என்றால் பயம். இதையும் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. இந்தக் கதையில் நாயைப் பற்றி வருகிற வர்ணனை எல்லாம் பத்தடி தள்ளி நின்று எழுதியது.)

2

தொடங்கிப் பார்த்தவை:

"புல் டெரியர் என்பது தசைக்காகவே பிறந்த இனம். அதன் மார்பு—"

வேண்டாம். நாய்க்குட்டி விற்கிறவர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

"விடிந்தும் விடியாத வேளையில், ஏரிக்கரையின் பனியைக் கிழித்துக்கொண்டு—"

கிழித்தது போதும்.

"இந்த ஊரில் வேல்ராஜின் பேர் தெரிந்த ஒரே ஜீவன்—"

இது பரவாயில்லை. ஆனால் நாய்க்கு அவன் பேர் எங்கே தெரியும்? மாடிப்படியில் அவன் பூட்ஸ் சத்தம் தெரியும். அது போதும். இங்கிருந்தே போகலாம்.

3

வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை பொருத்துகிறான். கதவு வரும், பட்டை வைப்பான், அடுத்த கதவு வரும். சூப்பர்வைசர் அவனை "தம்பி" என்பார், கேன்டீனில் "டோக்கன்" என்பார்கள். அங்கே பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

சுங்குவார்சத்திரத்தில் கோவிந்தம்மா வீட்டு மாடியில் அவனோடு இன்னும் இருவர்: விருதுநகர்க்காரன் மணிகண்டபிரபு, நாசரேத்திலிருந்து வந்த ஏசுவடியான். மூவரும் ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஆனால் வேறு வேறு ஷிப்ட். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் சூடு ஆறுவதற்குள் படுப்பான். மூவரும் ஒன்றாக விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

நாய் வேல்ராஜுடையது. கூட வேலை பார்த்தவன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போனபோது குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனான். முட்டையைப் படுக்கவைத்த மாதிரி முகம், அதில் முக்கோணமாக இரண்டு பொடிக் கண். கழுத்து எங்கே முடிகிறது, மார்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. மேனேஜர் என்று பேர் வைத்ததும் வேல்ராஜ்தான். மேலே இருக்கிறவரை ஒரு தடவையாவது அதட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. "மேனேஜர், உக்காரு." மேனேஜர் உட்காரும். மூவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "மேனேஜர், லீவு வேணும்." மேனேஜர் வாலாட்டும். இதைவிட நல்ல கம்பெனி எங்கே இருக்கிறது?

சிக்கல் கோவிந்தம்மாவால் வந்தது. ஐம்பது வயது, கனத்த குரல், சீரியல் பைத்தியம். ஒருநாள் மேனேஜர் அவருடைய டிவி ரிமோட்டைக் கடித்துவிட்டது. கோவிந்தம்மா மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாடா இது? செருப்ப துன்னுச்சு, சும்மா இருந்தேன். இப்ப ரிமோட்டு. சவுண்டு ஏறுது, எறங்க மாட்டேங்குது. இத்த வெச்சினு இன்னாடா பண்றீங்க?"

"எக்கா, இது சாதாரண நாயில்லக்கா," என்றான் வேல்ராஜ். "ஒரகடத்துல மூட்டை ஏத்துன வண்டிய நாய் இழுக்குத போட்டி நடக்கு. இது செயிச்சிரும், பாருங்க."

வாய் சும்மா இருந்ததா? கோவிந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"செயிக்கட்டும். செயிச்சா இந்த வூட்லயே இருக்கட்டும். இல்லாங்காட்டி அன்னிக்கு சாயங்காலமே வெளிய அனுப்பிடணும். நாய இல்லனா உன்ன."

வேல்ராஜ் தினமும் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பான். மாடியிலிருந்து படிக்கு மூன்றாகத் தாவி வந்து அவன் நெஞ்சில் மோதும் அந்த நாய். நாள் முழுக்க நின்ற கால்வலி அந்த ஒரு மோதலில் போய்விடும். அது இல்லாமல் அந்தப் படியேறுவதை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

4

பயிற்சி ஆரம்பித்தது. காலையோ மாலையோ, ஷிப்ட் முடிந்து வருகிறவன் நாயைக் கூட்டிப் போக வேண்டும். மார்புப் பட்டை கட்டி ஏரிக்கரையில் டயர் இழுக்க வைப்பது வேல்ராஜ் பொறுப்பு. ஏரியில் நீந்த விடுவது மணி. மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாக்கைக் கவ்வி இழுக்க வைப்பது ஏசுவடியான். ஆளுக்கு ஒரு வேலை. கணக்கு சரி.

ஆனால் இவர்கள் யார்? அசெம்ப்ளி லைனில் நிற்கிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: முந்தின ஷிப்டுக்காரன் "எல்லாம் பாத்தாச்சு" என்பான், நம்பாதே, நீ முதலிலிருந்து பார். தப்பு வெளியே போனால் மாட்டுவது கடைசியாகக் கை வைத்தவன்தான்.

வேல்ராஜ் வேலை முடிந்து வருவான். மேனேஜர் துள்ளிக் குதிக்கும். 'இவ்வளவு தெம்பா நிக்குன்னா அவனுவ ஒண்ணுமே செய்யல,' என்று முடிவு கட்டி, டயரும் இழுக்கவிட்டு, நீந்தவும் விட்டு, சாக்கிலும் தொங்கவிடுவான். அடுத்து மணி வருவான். மேனேஜர் துள்ளும். 'வேலு டிமிக்கி குடுத்துட்டான்,' என்று அவனும் மூன்றையும் முதலிலிருந்து. பிறகு ஏசுவடியான். ஒருவரிடம் ஒருவர் கேட்கவும் இல்லை. கேட்க மற்றவன் விழித்திருந்தால்தானே? ஞாயிறன்று கேட்டாலும் 'எல்லாம் பாத்தாச்சு' என்பான், அதை யார் நம்புவது?

நாய்களிடம் உள்ள பெரிய குறை இது. உயிர் போகிற களைப்பிலும், வேண்டியவன் வந்தால் துள்ளும்.

5

ஏசுவடியான் இந்தக் கதைக்குத் தேவையா என்று எனக்குச் சந்தேகம். அவனை எடுத்துவிட்டு, இரண்டே ஆளாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு காலையில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். சரிப்படவில்லை. கம்பெனியில் மூன்று ஷிப்ட். நான் யார் குறைக்க?

மறுநாள் காலை, முந்தின நாள் எழுதியவனை நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அதற்கு மறுநாளும். கதைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் இப்போது மூச்சுதான் வாங்கியது.

(ஆமாம், நானும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் முன்பே கண்டுபிடித்திருந்தால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.)

6

போட்டிக்கு முந்தின ஞாயிறு மேனேஜர் டயரை இழுக்காமல் கரையிலேயே படுத்துவிட்டது. மூவரும் பதறிப்போய், ஆட்டோவில் போட்டு ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை டாக்டர் காவேரியிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்தார். பாதம் தேய்ந்து சிவந்திருந்தது.

"என்ன ட்ரெயினிங் குடுக்கறீங்க?"

"டயர், டாக்டர்," என்றான் வேல்ராஜ். "அவனுவ ஒழுங்கா செய்யுததில்ல. அதனால நீச்சல், சாக்கு எல்லாம் நானே…"

"என்னது?" என்றான் மணி. "நானும்ல எல்லாத்தையும் செய்யுதேன்!"

ஏசுவடியான் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏல, நானுந்தாம்ல."

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்பப்பா தூங்குது?"

மணி ஏசுவடியானைக் கை காட்டினான், ஏசுவடியான் வேல்ராஜைக் காட்டினான்.

"ஓடும்போது சதை வளராதுப்பா. ஓடினா தேயும். தூங்கும்போதுதான் வளரும். உங்க கம்பெனில வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டா?"

"உண்டு, டாக்டர்."

"இதுக்கு?"

வேல்ராஜுக்கு அழுகை வந்துவிட்டது. மேனேஜர் அந்த நேரம் பார்த்து அவன் முழங்கையை நக்கியது. இன்னும் மோசமாகிவிட்டது.

"போட்டி வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க, படுக்க விடுங்க," என்றார் டாக்டர். கையைக் கழுவிக்கொண்டே, "ஆனா ஆச்சரியம்தான். நீங்க சொல்ற வேலைக்கு இது எப்பவோ விழுந்திருக்கணும். எங்கியோ நல்லாத் தூங்கியிருக்கு," என்றார்.

அந்த வாரம் முழுக்க நாய்க்கு ஓய்வு. மற்றவன் ரகசியமாக டயர் இழுக்க விடுகிறானோ என்று மூவருக்கும் ஓய்வில்லை. ஏசுவடியான் நாய்ச் சங்கிலியைத் தன் காலில் கட்டிக்கொண்டு தூங்கினான். எழுந்து பார்த்தால் சங்கிலி இருந்தது, நாய் இல்லை. 'மணி வேலைதான் இது,' என்று நினைத்தான்.

நானும் கதையை ஒரு வாரம் தொடவில்லை.

7

போட்டி. ஒரகடத்தில் ஒரு காலி மனை. சின்னத் தள்ளுவண்டியில் சிமெண்ட் மூட்டைகள். நாயைத் தொடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது. நாய்க்குச் சொந்தக்காரன் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடலாம், அவ்வளவுதான். கோவிந்தம்மாவும் வந்திருந்தார், குடை, கூடை, சுருட்டிய கோரைப்பாய் சகிதம். "தோத்தா நேரா இங்கருந்தே அனுப்பிடு. வூட்டாண்ட வந்து சீன் போடாத," என்றார்.

வேல்ராஜ் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான்.

"மேனேஜரு! வா, இழுல!"

மேனேஜர் நாலு அடி எடுத்து வைத்தது. வண்டி அசைந்தது. பிறகு மேனேஜர் அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டது.

இங்கே நிறுத்துகிறேன். இதற்கு முன்னால் எழுதி வைத்த முடிவுகள் இவை:

(அ) வேல்ராஜ் கண்ணீரோடு ஒரு தடவை கூப்பிடுகிறான். நாய் அவன் அன்பை உணர்ந்து சீறி எழுந்து—

தூ. நாய்க்கு அவன் அன்பு முதலிலிருந்தே தெரியும். அதனால்தானே கால் தேய்ந்தது?

(ஆ) நாய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். வேலைநிறுத்தம். கூட்டம் கைதட்டுகிறது. தொழிலாளர் ஒற்றுமை—

இது என் பழைய நாவல், மாறுவேடத்தில் வருகிறது. வெளியே போ.

நடந்தது இதுதான். வெயில் தாங்காமல் கோவிந்தம்மா, "இன்னாத்துக்கு நிக்கணும்," என்று சலித்துக்கொண்டு, கோட்டுக்கு அப்பால் இருந்த வேப்பமர நிழலில் கோரைப்பாயை உதறி விரித்தார்.

மேனேஜரின் காது நிமிர்ந்தது. எழுந்தது. தலையைத் தாழ்த்தி, பின்னங்கால் இரண்டையும் மண்ணில் பதித்து, மூட்டைகளும் வண்டியும் கிறீச்சிட இழுத்தது. கோட்டைத் தாண்டியது. "போதும், போதும்!" என்று நடுவர் கத்தினார். அது நிற்கவில்லை. வேல்ராஜைத் தாண்டியது, வண்டியோடு நிழலுக்கே போய், கோவிந்தம்மாவின் கால்மாட்டில் பாயில் விழுந்து, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. மார்புப் பட்டையைக் கழற்றுவதற்குள் குறட்டை.

மூவரும் கோவிந்தம்மாவைப் பார்த்தார்கள்.

"இன்னாடா மொறைக்கிறீங்க? மத்தியானத்துல ஒருத்தன் தூங்கினுகீறான், ஒருத்தன் பஸ்சுல கீறான், ஒருத்தன் கம்பெனில கீறான். அது எங்க போவும்? எறங்கி வந்து என் பாயில படுத்துக்கும். சீரியல் முடியற வரிக்கும் அசையாது." சேலைத் தலைப்பால் நாய் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினார். "செயிச்சிடுச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான், வூட்லயே இருக்கட்டும். ஆனா மாடில இல்ல. கீழ, என்னாண்ட. உங்க கைல வுட்டா கொன்னே போட்ருவீங்க."

"எக்கா…" என்றான் வேல்ராஜ்.

"அதுவா எழுந்து வந்தா கூட்டினு போ. தூங்கறத மட்டும் எழுப்பாத."

பரிசு ஒரு பெரிய நிற்கும் மின்விசிறி. அதுவும் கீழேதான் போனது.

8

கடைசிக் காட்சி எழுதிவிட்டேன், முடிவுதான் இல்லை.

ஒரு சாயங்காலம். வேல்ராஜ் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான். நாள் முழுக்க நின்ற கால். கோவிந்தம்மா வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே டிவி அலறுகிறது, ரிமோட்டுக்கு இன்னும் சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. புது மின்விசிறி சுற்றுகிறது. பாயில் கோவிந்தம்மாவும் தூங்குகிறார், மேனேஜரும் தூங்குகிறது. அதன் விலாவில் சதை பிடித்திருக்கிறது. பாதம் ஆறிவிட்டது. கனவில் எதையோ இழுக்கிறதோ என்னவோ, ஒரு பின்னங்கால் லேசாகத் துடிக்கிறது.

அது எழுந்திருக்கிற நேரத்துக்கு இவன் படுத்தாக வேண்டும், நாளை அதிகாலையில் பஸ். இந்த வாரம் முழுக்க ஒரு நாளும் அது இவன் நெஞ்சில் வந்து மோதவில்லை. இவன் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு மோதல், அவ்வளவுதான். தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் அது கோபப்படாது. துள்ளிக்கொண்டுதான் வரும். அதுதான் இவனைத் தின்கிறது.

படியின் முதல் கல்லில் நிற்கிறான். இரண்டு விரலை வாயில் வைத்துவிட்டான். இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. ஊத வைத்தால் நான் பாவி, வேண்டாமென்றால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்களும் இன்று எங்கேயோ நின்று வேலை பார்த்துவிட்டுத்தானே வந்திருப்பீர்கள். ஊதட்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். எதுவானாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், மேனேஜர் தூங்குகிறது.