கழுத்தைத் தடவிய கை

வலை விழுந்து பதினொரு நிமிடம். தெர்மாமீட்டர் நாற்பத்தொன்றரை டிகிரியைத் தொட்டுவிட்டது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

விலங்கு டாக்டர் அதையே பார்த்திருந்தாள். வழி தவறி டைல்ஸ் கிடங்குக்குள் புகுந்த பெண்மான் கண்கட்டோடு சிமென்ட் தரையில் கிடந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவை அடைத்தாயிற்று. ஆனால் அண்ணனை எங்கே தள்ளுவது? அவள் கூடப் பிறந்தவன். வலை வீசுவதில் அவனை அடிக்க ஆளில்லை. வனத்துறை ஆபீஸில் அவனுக்கு 'வலை வாத்தியார்' என்றே பெயர். வாத்தியார் மானின் கழுத்தை விடாமல் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லடா செல்லம்... மாமா இருக்கேன்ல..."

"அண்ணா, பேசாதே. கையை எடு."

"போடி. நீ ஊசி குத்துவ, நான் ஆறுதல் சொல்லக் கூடாதா? பாரு, எவ்வளவு சமத்தா படுத்திருக்கு! உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்குது."

சமத்தா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டு மிருகத்துக்கு மனிதக் கையும் புலி வாயும் ஒன்றுதான். அது அசையாமல் கிடப்பது நிம்மதியல்ல, உறைந்துபோன பயம். அரை மணி நேரம் துரத்தியதிலேயே சதை நைந்திருக்கும். பயமும் தணியாவிட்டால் சதை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

பயம் தணிக்கும் ஊசி போட்டாயிற்று. உடம்பு குளிரத் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆனாலும் அவன் தடவத் தடவ மானின் தொடை வெடவெடத்தது. நாற்பத்தொன்று புள்ளி ஏழு.

"பத்து வருஷமா இப்படித்தான் பிடிக்கிறேன். போன மாசம் அந்தக் கொம்பன் மான்? மடியில குழந்தை மாதிரி கிடந்துச்சே! விட்டதும் அம்பாப் பாயல?"

ஒரு மாதமாக அவள் விழுங்கி வைத்திருந்தது தொண்டைக்கு வந்தது. சொன்னால் உடைந்து போவான். சொல்லாவிட்டால்?

புள்ளி எட்டு.

"அது செத்துப்போச்சு அண்ணா."

கை நின்றது.

"மூணாவது நாள். நான்தான் அறுத்துப் பார்த்தேன். தொடைச் சதையெல்லாம் வேகவைச்ச மாதிரி வெளுத்து... மூத்திரம் கடுங்காபி நிறத்துல. உன்கிட்ட சொல்ல மனசு வரல."

அவன் நெருப்பைத் தொட்டவன்போல் கையை இழுத்து, ஓசையில்லாமல் எழுந்து, சுவர் ஓரம் போய் நின்றான்.

கிடங்கில் மூச்சுச் சத்தம் மட்டும். அவள் பார்வை எண்ணைவிட்டு நகரவில்லை. எட்டிலேயே நின்றது. பிறகு ஏழு. ஐந்து. நாற்பத்தொன்று. ஒருவழியாக நாற்பது.

மானின் கழுத்தில் சிக்னல் பட்டையை மாட்டி, இருட்டுப் பெட்டியில் ஏற்றி, காட்டோரம் கொண்டுபோய்க் கதவைத் தூக்கினார்கள். மான் தடுமாறியது, நிமிர்ந்தது, ஓடி மறைந்தது. அவன் எப்போதும்போல் விசிலடிக்கவில்லை.

"பிழைச்சுக்குமா?"

"தெரியல. நாலு நாள் தாண்டணும்."

"அந்த சிக்னல் மெஷினைக் கொடு."

"எதுக்கு? நான் பார்த்துச் சொல்றேன்."

"நீ சொல்லிக் கிழிச்ச. கொடுடி."

கொடுத்தாள். வண்டியில் ஏறியும் அவன் சாவியைத் திருகவில்லை. திரையில் சின்னப் பச்சைப் புள்ளி.

"நின்னுருச்சு."

"இளைப்பாறும். வண்டியை எடு."

"இரு."

புள்ளி நகர்ந்தது. அவன் கண் இமைக்கவில்லை.

"எடேன் அண்ணா!"

"இருடி... இன்னும் கொஞ்சம் போகட்டும்."